ஃபுகாஸி: ஆல்பத்தில் பாதி, மேடையில் மீதி

வேகமும் எளிமையும் கொண்ட முரட்டு ராக் இசையான பங்க் ராக் என்று பேச்செடுத்தாலே ஆல்பப் பட்டியல்தான் முதலில் வரும். எது முதல் ஆல்பம், எது வேகமான ஆல்பம், எதைக் கேட்காமல் இருக்கவே கூடாது. எனக்கும் அந்தப் பேச்சு பிடிக்கும், விடிய விடியப் பேசச் சொன்னாலும் பேசுவேன். ஆனால் இத்தனை வருடம் கேட்டபிறகு எனக்கு உறுதியாகப் படுவதை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு பங்க் குழுவை அதன் ஆல்பங்களை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது. டிக்கெட்டை என்ன விலைக்கு விற்றார்கள், வாசலில் யாரைத் தடுத்தார்கள், மேடைக்கு முன்னால் யாரால் நிற்க முடிந்தது, கூட்டத்தில் ஒருவன் இன்னொருவனை அடித்தால் பாடிக்கொண்டிருந்தவர் என்ன செய்தார், இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த இசை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலிருந்து வந்த ஃபுகாஸி குழுவைக் கேட்டுத்தான் இந்த முடிவுக்கு வந்தேன். அவர்களிடம் போவதற்கு முன் பழையவர்கள் சிலரைச் சொல்லியாக வேண்டும்.

ராமோன்ஸ், நியூயார்க் குழு. 1976 ஏப்ரலில் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் 14 பாடல்கள், மொத்தம் அரை மணி நேரம்கூடக் கிடையாது. பதிவுச் செலவு 6,400 டாலர். பெரிய ராக் குழுக்கள் மாதக்கணக்கில் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்த காலத்தில் இவர்கள் சில நாட்களில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அதை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். ஒரு காதில் பேஸ் (தாழ்ந்த சுரம் தரும் கிட்டார்), மறு காதில் கிட்டார். ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டால் மற்றதைத் தனியாகக் கேட்டு வாசித்துப் பழகலாம். இதில் மறைக்க ஒன்றுமில்லை, நீயும் வாசிக்கலாம் என்று அந்த ஒலியமைப்பே சொல்வதாக எனக்குத் தோன்றும்.

ஆனாலும் ராமோன்ஸை எனக்கு முழுசாகப் புரியவைத்தது 'இட்ஸ் அலைவ்' என்ற நேரடிப் பதிவுதான். 1977 டிசம்பர் 31 இரவு, லண்டன் ரெயின்போ தியேட்டர். ஒரு மணி நேரத்துக்குள் 28 பாடல்கள். ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் எழும்புவதற்குள் பேஸ் வாசிக்கும் டீ டீ ராமோன் 'ஒன் டூ த்ரீ ஃபோர்' என்று கத்திவிடுவார், அடுத்தது பாய்ந்துவிடும். ஸ்டுடியோவில் குட்டிக் குட்டிப் பாடல்களாகத் தெரிந்தவை இங்கே ஒரே நீண்ட பாட்டாகிவிடுகின்றன. மூச்சு வாங்க இடம் தராததுதான் அதன் அழகு. 1996-இல் கலைக்கும்வரை 2,200-க்கும் மேற்பட்ட மேடைகளில் இப்படியே வாசித்தார்கள். வானொலி அவர்களைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, மேடைதான் அவர்களைக் காப்பாற்றியது.

லண்டன் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் இதற்கு நேர்மாறு. 1977-இல் வந்த அவர்களின் ஒரே ஸ்டுடியோ ஆல்பத்தில் ஸ்டீவ் ஜோன்ஸ் கிட்டாரை அடுக்கடுக்காகப் பதிந்து, பேஸையும் பெரும்பாலும் தானே வாசித்து, கனமான ஒலியை எழுப்பியிருக்கிறார். அந்த ஆல்பத்தை மதிக்கிறேன். அவர்களுடைய மேடைப் பதிவு எதையும் இரண்டாவது முறை கேட்கத் தோன்றியதில்லை.

இன்னொரு லண்டன் குழுவான க்ளாஷ் அப்படியில்லை. 'லண்டன் காலிங்' 1979 டிசம்பரில் வந்த இரட்டை ஆல்பம். அதை ஒற்றை ஆல்பத்தின் விலைக்கே விற்க வைத்தார்கள். அடுத்த வருடம் வந்த 'சாண்டினிஸ்டா!' மூன்று தட்டுகள், 36 பாடல்கள். விலையைக் குறைப்பதற்காக முதல் 2 லட்சம் பிரதிகளுக்கான ராயல்டியை விட்டுக்கொடுத்தார்கள். அந்த 36-இல் பத்துப் பாடல்களைத் தயங்காமல் எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. இருந்தாலும் ரசிகனின் சட்டைப்பையை நினைத்துப் பார்த்த குழு என்பதால் அந்த ஆல்பத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

1981-இல் நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில், பாண்ட்ஸ் என்ற அரங்கில் க்ளாஷுக்கு 8 கச்சேரிகள் ஏற்பாடாகியிருந்தன. அரங்கம் தாங்காத அளவுக்கு டிக்கெட் விற்கப்பட்டிருந்ததால் தீயணைப்புத் துறை தலையிட்டது. டிக்கெட் வாங்கியவர்கள் ஏமாறக் கூடாது என்று குழு 8 கச்சேரிகளை 17 ஆக்கி வாசித்து முடித்தது. எவ்வளவு பெரிய மனசு! அதே மேடையில்தான் இன்னொன்றும் நடந்தது. முன்நிகழ்ச்சிக்கு கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவை அழைத்திருந்தார்கள். ஹிப்-ஹாப் அப்போது புதுசு. க்ளாஷின் ரசிகர்கள் அவர்களைக் கூச்சல் போட்டு, கோப்பைகளை எறிந்து அவமானப்படுத்தினார்கள். ஜமைக்காவின் ரெக்கே இசையையும் ஹிப்-ஹாப்பையும் ஆசையோடு கேட்டுத் தன் பாட்டில் சேர்த்துக்கொண்ட குழுவுக்கு அப்படியொரு கூட்டம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

1982 அக்டோபரில் ஷியா ஸ்டேடியத்தில் 'தி ஹூ' குழுவுக்கு முன்னால் க்ளாஷ் வாசித்தது 2008-இல் ஆல்பமாக வந்தது. வாசிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது பேஸ்பால் மைதானம். கூட்டம் எங்கோ தூரத்து இரைச்சலாகக் கேட்கிறது, யாரும் யாரையும் தொடவில்லை. அதே வருடம் வந்த 'காம்பாட் ராக்' ஆல்பத்தில் 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' என்று ஒரு பாட்டு உண்டு. குடியேறி வந்தவர்களை யாரும் ஏற்காத வலியைப் பாடுவது. சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாக லண்டனுக்குத் திரும்பிய எம்.ஐ.ஏ., அதாவது மாதங்கி அருள்பிரகாசம், 2007-இல் 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலுக்கு எடுத்துக்கொண்டது இந்தப் பாட்டின் இசையைத்தான். ஸ்டேடியத்தில் தொலைந்தது அங்கே போய்ச் சேர்ந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சரி, வாஷிங்டன்.

அந்த ஊரின் பங்க் பேட் பிரெய்ன்ஸிடமிருந்து தொடங்குகிறது. நான்கு கறுப்பின இளைஞர்கள், ஜாஸ் ஃபியூஷன் வாசித்துக்கொண்டிருந்தவர்கள், பங்க் பக்கம் வந்து எல்லோரையும்விட வேகமாக வாசித்தார்கள். 1982-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் அப்போது கேசட்டாக மட்டுமே வெளியானது. அதே வருடம் நியூயார்க்கின் சிபிஜிபி கிளப்பில் வாசித்ததன் பதிவும் இருக்கிறது. காது கிழிகிற வேகத்தில் போய்க்கொண்டே இருப்பார்கள், திடீரென்று நிதானமான ரெக்கே. கூட்டம் மூச்சு விட்டுக்கொள்ளும். அப்புறம் மறுபடியும் புயல். இந்த ஏற்ற இறக்கத்தை ஆல்பத்தைவிட மேடைப் பதிவில் தெளிவாகக் கேட்கலாம்.

அவர்களைப் பார்த்து வளர்ந்த பள்ளிப் பையன்களில் ஒருவர் இயன் மெக்காய். அவர் இருந்த டீன் ஐடில்ஸ் குழுவுக்கு ஒரு பிரச்சினை. மது விற்கும் கிளப்புகளில் வயது குறைந்தவர்களை விடமாட்டார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் வாசிக்கப் போனபோது, கையில் கறுப்பு மையால் பெரிய எக்ஸ் போட்டுவிட்டால் மது கொடுக்காமல் உள்ளே விடலாம் என்ற வழியைப் பார்த்தார்கள். அதை ஊருக்குக் கொண்டுவந்து கிளப்காரர்களிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். கையில் போடுகிற ஒரு மைக்குறி எத்தனை பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது! 1980-இல் டீன் ஐடில்ஸ் கலைந்தபோது, சேர்த்து வைத்த காசில் தங்கள் பாடல்களை இசைத்தட்டாகப் போடுவதற்காகத் தொடங்கியதுதான் டிஸ்கார்ட் ரெகார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம். அது இன்றும் இருக்கிறது.

ஃபுகாஸியின் முதல் மேடை 1987 செப்டம்பர் 3, வாஷிங்டன் வில்சன் சென்டர். இயன் மெக்காய், ஜோ லாலி, பிரெண்டன் கான்ட்டி ஆகிய மூவரோடு கீ பிச்சோட்டோ பிறகு வந்து சேர்ந்தார். அதிலிருந்து 2002 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள். பெரும்பாலும் டிக்கெட் 5 டாலர். எல்லா வயதினருக்கும் அனுமதி. மேனேஜர் கிடையாது. ஊர் ஊராக ஃபோன் போட்டு இடம் பிடிப்பது இயன் மெக்காய்தான். தேவாலய மண்டபம், சமூகக்கூடம், பள்ளி விளையாட்டுக்கூடம் என்று எங்கே வாடகை குறைவோ, எங்கே பிள்ளைகள் உள்ளே வர முடியுமோ அங்கே வாசித்தார்கள். டி-ஷர்ட் விற்கவில்லை. வேறு யாரோ 'இது ஃபுகாஸி டி-ஷர்ட் அல்ல' என்று அச்சடித்து விற்றார்கள். இசைத்தட்டின் உறையிலேயே தபால் செலவு உட்பட என்ன விலை என்று போட்டிருப்பார்கள், கடைக்காரர் ஏற்றி விற்க முடியாதபடி.

இந்தக் கணக்கு வழக்குக்கும் இசைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு 'வெயிட்டிங் ரூம்' பாட்டைக் கேட்கச் சொல்வேன். பேஸ் தனியாகத் தொடங்கும், டிரம்ஸும் கிட்டாரும் சேரும், அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, எல்லாம் சட்டென்று நின்றுவிடும். சில விநாடி மௌனம். ஆல்பத்தில் அது ஒரு நல்ல உத்தி, அவ்வளவுதான். மேடைப் பதிவுகளில் அந்த மௌனத்தைக் கூட்டம் எடுத்துக்கொள்கிறது. ஓர் ஊரில் ஊளையிடுகிறார்கள், இன்னோர் ஊரில் யாரோ ஒருவர் மட்டும் கத்துகிறார், வேறோர் ஊரில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். கூட்டத்துக்கென்று பாட்டுக்குள்ளேயே இடம் விட்டிருக்கிறார்கள். எந்த வரிசையில் பாடுவது என்று முன்கூட்டி முடிவு செய்வதும் இல்லை. ஒருவர் கிட்டாரில் ஒரு குறிப்பைக் காட்டினால் மற்றவர்கள் புரிந்துகொண்டு போவார்கள். ஒரு பாட்டுக்குள்ளிருந்து அடுத்த பாட்டு முளைக்கும். அத்தனை வருடம் ஒன்றாக வாசித்தவர்களால்தான் அது முடியும்.

அப்புறம் அந்தப் பெரிய சர்ச்சை. கூட்டத்தில் இடித்துத் தள்ளி ஆடுவது, மேடையிலிருந்து மற்றவர்கள் தலைமேல் குதிப்பது இதெல்லாம் பங்க் கச்சேரியின் உயிர் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஃபுகாஸி பாட்டை நிறுத்திவிட்டு, அடிப்பவரைப் பெயர் தெரியாவிட்டாலும் மரியாதையாகக் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்வார்கள். கேட்காவிட்டால் 5 டாலரைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். இதற்காக அவர்களை உபதேசிகள், சாமியார்கள் என்றெல்லாம் கேலி பேசியவர்கள் உண்டு. சில பதிவுகளில் அந்தப் பேச்சு நீண்டு, கச்சேரியின் சூடு தணிந்துபோவது எனக்கும் கேட்கிறது. ஆனாலும் நான் அவர்கள் பக்கம்தான். 14 வயதுப் பிள்ளையை உள்ளே விட்டால் அது நசுங்காமல் வீடு திரும்ப வேண்டும். பெண்கள் முன்னால் நின்று பார்க்க வேண்டும். முன்வரிசையை முரடர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் சமத்துவம் பற்றிப் பாடினால் அந்தப் பாட்டை நான் எப்படி நம்புவது?

இதே கேள்வியைப் பெண்களின் பக்கமிருந்து கேட்டது பிகினி கில் என்ற பங்க் குழு. அதன் பாடகி கேத்லீன் ஹானா மேடையிலிருந்து பெண்களை முன்னால் வரச் சொன்னார், பாடல் வரிகளை அச்சிட்டுக் கொடுத்தார்கள். 1992-இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டில் பெரும்பாலான பாடல்களைப் பதிவு செய்தவர் இயன் மெக்காய். பதிவின் ஒலி கரடுமுரடானது, எனக்கு அது அப்படியே பிடிக்கும்.

ஃபுகாஸியின் ஆல்பங்களைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 'ரிப்பீட்டர்' எனக்குப் பிடித்த கிட்டார் ஆல்பங்களில் ஒன்று. 'இன் ஆன் தி கில் டேக்கர்' ஆல்பத்தை முதலில் சிகாகோவில் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினியோடு பதிவு செய்து பார்த்தார்கள். திருப்தியில்லாமல் அதை ஒதுக்கிவிட்டு ஊருக்கு வந்து, டான் ஜியன்டாராவின் இன்னர் இயர் ஸ்டுடியோவில் மறுபடி முதலிலிருந்து செய்தார்கள். 1995-இல் வந்த 'ரெட் மெடிசின்'தான் என் கணக்கில் உச்சம். விளையாட்டும் விபரீதமும் கலந்த ஆல்பம் அது, எந்தப் பாட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று இப்போதும் என்னால் ஊகிக்க முடிவதில்லை. 'ஸ்டெடி டயட் ஆஃப் நத்திங்' மட்டும் எனக்கு ஒட்டவில்லை. பாடல்கள் நல்லவை, ஒலி வறண்டு கிடக்கிறது. அதே பாடல்களை மேடையில் கேட்கும்போது சதை பிடித்து நிற்கின்றன.

அப்படிக் கேட்பதற்கு வழியும் அவர்களே செய்து வைத்திருக்கிறார்கள். கச்சேரிகளில் 800-க்கும் மேற்பட்டவை டேப்பில் இருந்தன. 2011 டிசம்பர் முதல் அவற்றை ஒவ்வொன்றாக இணையத்தில் ஏற்றினார்கள். ஒரு கச்சேரிக்கு அவர்கள் சொல்லும் விலை அதே 5 டாலர், முடியாதவர்கள் குறைத்தும் கொடுக்கலாம். ஒலித்தரம் எப்படி என்பதைக்கூட ஒளிக்காமல் குறித்திருக்கிறார்கள். மோசமான இரவுகளும் இருக்கின்றன. குரல் அமுங்கிய பதிவுகள், தந்தி அறுந்து காத்திருக்கும் நிமிடங்கள், கூட்டத்தோடு வாக்குவாதம், எதையும் வெட்டவில்லை. பொதுவாக நேரடி ஆல்பம் என்றால் நல்ல இரவாகப் பார்த்துப் பொறுக்கி, ஸ்டுடியோவில் ஒட்டுப்போட்டுக் கொடுப்பார்கள். இவர்கள் மொத்தக் கிடங்கையும் திறந்துவிட்டார்கள். 1991 ஜனவரியில், வளைகுடாப் போர் தொடங்கவிருந்த நேரத்தில், வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபாயெட் பூங்காவில் எதிர்ப்புக் கூட்டத்துக்கு வாசித்தவர்கள் இவர்கள். அந்த ஊர்க் குழுவே அந்த இடத்தில் நின்று வாசித்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கும்.

2002 நவம்பர் 4, லண்டனில் கடைசிக் கச்சேரி. கலைந்துவிட்டோம் என்று அறிவிக்கவில்லை, நிறுத்தியிருக்கிறோம் என்பதோடு சரி. மறுபடி சேரச் சொல்லி ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கும் ஆசை இல்லாமலில்லை. ஆனால் இன்றைய டிக்கெட் விலைகளுக்கும் இடைத்தரகர்களுக்கும் நடுவே அவர்கள் வந்து நின்றால் அந்த 5 டாலர் ஏற்பாட்டை எப்படி நடத்துவார்கள்? நடத்த முடியும் என்றால் மட்டும் வரட்டும். அதுவரை லாலியும் கான்ட்டியும் வாசிக்கும் மெஸ்தெட்டிக்ஸ் குழு இருக்கிறது. மெக்காயும் லாலியும் ஏமி ஃபரீனாவோடு சேர்ந்து 2020-இல் வெளியிட்ட, கோரிக்கி என்ற குழுவின் ஆல்பமும் இருக்கிறது.

புதிதாகக் கேட்க வருகிறவர்கள் '13 சாங்ஸ்' தொகுப்பில் தொடங்குங்கள், அடுத்து 'ரெட் மெடிசின்', அதற்கடுத்து 2001-இல் வந்த கடைசி ஆல்பம் 'தி ஆர்க்யுமென்ட்'. மூன்றும் பழகியபிறகு அந்தக் கிடங்கில் 2001, 2002 வருடக் கச்சேரி ஒன்றை எடுங்கள். ஜெர்ரி புஷர் இரண்டாவது டிரம்ஸில் உட்கார்ந்த காலம் அது. கடைசி ஆல்பத்தின் பாடல்கள் அங்கே எவ்வளவு பெரிதாகின்றன என்று கேட்டுவிட்டு, எந்த ஊர்க் கச்சேரி என்பதைக் கீழே எழுதுங்கள். நான் கேட்காததாக இருந்தால் இன்றைக்கே கேட்கிறேன்.