டாலஸ் கைவிட்டால் கிங்ஸ் செய்தது சரியாகிவிடுமா?

நேற்றிலிருந்து அமெரிக்கக் கூடைப்பந்து (NBA) பற்றிய அந்த ஒரு பதிவைத்தான் ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். "நட்சத்திர ஆட்டக்காரர் லூகா டான்சிச்சை அவருடைய டாலஸ் அணியே லேக்கர்ஸ் அணிக்குத் தள்ளிவிட்டது, எனவே 2018இல் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில் சாக்ரமெண்டோ கிங்ஸ் அவரை எடுக்காமல் விட்டது சரிதான்" என்று பதிவு போட்ட அண்ணன் தீர்ப்பு எழுதிவிட்டார். கீழே வரிசையாகக் கைதட்டல்கள். அண்ணே, பக்கத்து வீட்டுக்காரர் புத்தி கெட்டுப் போய்த் தங்கத்தை விற்றுவிட்டால், அன்று நான் தங்கத்தை விட்டுப் பித்தளை வாங்கியது சாமர்த்தியம் ஆகிவிடுமா?

(டான்சிச்சுக்குப் பதில் கிங்ஸ் எடுத்த மார்வின் பேக்லியைப் பித்தளை என்றது தப்புதான். அந்தப் பையன் என்ன செய்வான்?)

அந்த ஆண்டு நாம், அதாவது நம் கிங்ஸ், 82 ஆட்டத்தில் 55 தோற்றிருந்தோம். டிராஃப்டில் யார் முதலில் ஆள் எடுப்பது என்று முடிவுசெய்யும் குலுக்கலில் ஏழாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்குத் தாவினோம். அப்படியொரு அதிர்ஷ்டம்! டான்சிச் அப்போது 19 வயதில் ரியல் மாட்ரிட்டுக்கு ஐரோப்பிய கிளப்புகளின் யூரோலீக் கோப்பை வாங்கிக் கொடுத்து, சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கியிருந்தார். நாம் எடுத்தது பேக்லியை. பந்தை நடத்த அணியில் ஏற்கெனவே ஃபாக்ஸ் இருக்கிறாராம், நமக்கு உயரமான ஆள்தான் தேவையாம். 55 ஆட்டம் தோற்ற அணியில் எந்த இடம் நிரம்பியிருந்தது, சொல்லுங்கள். இருப்பவர்களில் யார் சிறந்தவரோ அவரை எடு. இதற்கு மேல் இதில் வேதாந்தம் ஒன்றுமில்லை. முடிவெடுத்த பொது மேலாளர் டிவாட்ஸே 1989இல் யுகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர். ஐரோப்பியப் பையனை அவரே நம்பவில்லை என்றால் வேறு யார் நம்புவது?

ஒன்பதாம் வகுப்பில் பள்ளி அணித் தேர்வு. சிமெண்ட் தரை, செருப்பில்லாமல் நின்றால் கால் பொரியும். வாத்தியார் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொருவரையும் அதன் கீழே நிறுத்தினார். என் தலைக்கு மேல் நான்கு விரல் இடைவெளி. "பந்து நடத்த ஆள் இருக்கிறான்டா" என்று சொல்லிவிட்டு, பந்தையே பிடிக்கத் தெரியாத நெட்டையனை எடுத்துக்கொண்டார். அவன் அடுத்த வருடமே வாலிபாலுக்குப் போய் நன்றாக ஆடினான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. என்னை டான்சிச்சோடு ஒப்பிடுகிறேன் என்று சிரிக்க வேண்டாம். அந்தக் கோட்டைப் பற்றித்தான் சொல்கிறேன்.

"ஃபீனிக்ஸும்தான் விட்டது, அட்லாண்டாவும்தான் விட்டது" என்பீர்கள். விட்டார்கள். அவர்கள் வீட்டுக் கணக்கு எனக்கெதற்கு? "பேக்லிக்குக் காயம் வரும் என்று யாருக்குத் தெரியும்?" நியாயமான கேள்வி. இரண்டாம் ஆண்டின் முதல் ஆட்டத்திலேயே கட்டைவிரல் முறிந்தது, அந்தப் பருவத்தில் மொத்தம் 13 ஆட்டம்தான். ஆனால் காயமே படாதிருந்தாலும் அவர் டான்சிச் ஆகியிருப்பாரா? "எல்லாம் முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் பேசலாம்" என்பதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது. முடிந்த பிறகா? டிராஃப்ட் நடந்த அன்றே இதே பக்கத்தில் எழுதினேன். ஆறு விருப்பக்குறி விழுந்தது, அதில் ஒன்று என் தங்கை. இன்று கைதட்டுகிற யாரும் அன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 2012இல் தாமஸ் ராபின்சனை ஐந்தாவதாக எடுத்து, ஆறாவதாகப் போன டேமியன் லில்லார்டை விட்டதும் இதே கிங்ஸ்தான். ஒருமுறை என்றால் கெட்ட நேரம் என்று விட்டுவிடலாம்.

இத்தனைக்கும் யாருக்காக டான்சிச் வேண்டாம் என்றோமோ அந்த ஃபாக்ஸும், டான்சிச் லேக்கர்ஸுக்குப் போன அதே 2025 பிப்ரவரி வாரத்தில், சான் அன்டோனியோ அணிக்குப் போய்விட்டார். அதைப் பற்றி அண்ணன் பதிவில் ஒரு வரி இல்லை. 2006க்குப் பிறகு 2023 வரை, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றின் வாசலையே மிதிக்காத அணி இது. காலை எட்டரை மணிக்கு அலுவலக பஸ்ஸில் நின்றபடி, செல்போனில் அவர்கள் தோற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். 2019 அக்டோபரில் மும்பைக்கு வந்து இந்தியானாவோடு இரண்டு கண்காட்சி ஆட்டம் ஆடினார்கள். இரண்டிலும் தோற்றார்கள். ரயிலேறிப் போய் இரண்டாவதைப் பார்த்தேன். திரும்பும்போது பேக்லியின் 35ஆம் எண் சட்டை ஒன்று வாங்கினேன். ஆமாம், நான்தான், காசு கொடுத்து. இப்போது வீட்டில் அதை வைத்து ஸ்கூட்டர் துடைக்கிறார்கள். துடைத்து முடித்ததும் அலசிக் காயப்போடுவது நான்தான்.