வாரம் ஒன்று, தினம் ஒன்றானபோது

சென்ற கோடையில் எங்கள் சித்திக்கு ஓயாத குமட்டலும் மலச்சிக்கலும் இருந்தன. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்காமல், இரவில் ஐந்தாறு முறை சிறுநீர் கழிக்க எழுந்தார். சர்க்கரை ஏறிவிட்டது என்று நினைத்துப் பரிசோதித்தோம். அது சரியாகவே இருந்தது. பேரனின் பெயரை மாற்றி மாற்றிச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் பயந்துபோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். 100 மில்லி இரத்தத்தில் சுமார் 10.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாத கால்சியம் 14-க்கு மேல் போயிருந்தது, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினினும் கூடியிருந்தது.

வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டதற்கு, பிரஷர் மாத்திரை மட்டும்தான் என்றார் சித்தி. அவர் எதையும் மறைக்கவில்லை. மூட்டுவலிக்கென்று யாரோ எழுதித் தந்து, பாலில் கலக்கிக் குடித்துவந்த பொடியை அவர் மருந்துக் கணக்கில் சேர்க்கவே இல்லை. வீட்டிற்குப் போய் ஃபிரிட்ஜின் மேலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். ஓரம் கிழித்த காலிப் பொட்டலங்கள் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொன்றும் 60,000 யூனிட் வைட்டமின் டி. வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் என்பது அந்தச் சீட்டில் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இருந்தது. சித்தியோ தினம் ஒன்றாக இரண்டு மாதத்திற்கும் மேல், தீரத்தீரக் கடையில் வாங்கிக் குடித்திருக்கிறார். ஒருமுறைகூடக் கடையில் சீட்டைக் கேட்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020-இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்த அளவு நாளொன்றுக்கு 600 யூனிட்; உச்ச வரம்பு 4,000. அப்படியானால் ஒரு பொட்டலம் என்பது நூறு நாள் தேவை. வைட்டமின் சி மிஞ்சினால் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும், டி அப்படியல்ல. கொழுப்பில் கரைந்து உடம்பிலேயே தங்கி, குடலிலிருந்தும் எலும்பிலிருந்தும் கால்சியத்தை இரத்தத்தில் சேர்த்துக்கொண்டே இருக்கும், அதன் சுமை முழுவதும் சிறுநீரகத்தின் மேல் விழும். கண்ணுக்கு நல்லது என்று விழுங்கும் வைட்டமின் ஏ-யும் இப்படித் தங்கி, அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும்.

மருத்துவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சீட்டில் "ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். மகன்களும் மகள்களும் ஊருக்குப் போகும்போது, அம்மா அப்பாவின் மருந்துப் பையோடு, அலமாரியிலுள்ள சத்துமாவு டப்பா, மூலிகை மாத்திரை, எலும்புக்கான பால்பொடி ஆகியவற்றின் லேபிளையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். ஒரே சத்து மூன்று பெயரில் உள்ளே போய்க்கொண்டிருக்கலாம்.

பொட்டலத்தை நிறுத்தி, நாட்கணக்கில் சலைன் ஏற்றியும், சித்தியின் கால்சியம் சமநிலைக்கு வர நான்கு மாதம் ஆயிற்று. கிரியாட்டினின் இன்னும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.