போனை வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு பேனா கொடுங்கள்

ஜூரி பணிக்கு அழைப்பு வந்த நண்பர் ஒருவர் பேசினார். ஜூரி என்றால், குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்ய நீதிமன்றம் பொதுமக்களிலிருந்து அழைத்து உட்காரவைக்கும் குழு; அதில் ஒருவர் ஜூரர். என்ன வழக்கு, எத்தனை நாள் இழுக்கும், வேலையில் லீவு கிடைக்குமா என்பதெல்லாம் அப்புறம். முதல் கேள்வியே, "போனைப் பிடுங்கி வெச்சுக்குவாங்களாமே, நிஜமா?" என்பதுதான். நிஜம்தான். சில நீதிமன்றங்களில் காலையில் உள்ளே வரும்போதே வாங்கிவிடுவார்கள். சில இடங்களில் விசாரணை முழுக்க அணைத்து வைத்திருந்தால் போதும். தீர்ப்பை முடிவுசெய்ய ஜூரி அறைக்குள் போகும்போது மட்டும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இங்கிலாந்தில் 2015-ல் வந்த சட்டம், போனை ஒப்படைக்கச் சொல்லும் அதிகாரத்தை நீதிபதிக்கு எழுத்திலேயே கொடுத்திருக்கிறது. நண்பருக்கு இது அவமானமாகப் பட்டது. ஒரு மனுஷன் ஆயுசுக்கும் உள்ளே இருப்பதா வெளியே வருவதா என்று முடிவுசெய்யும் பொறுப்பை நம்மிடம் நம்பிக் கொடுக்கிறவர்கள், ஒரு போனை நம்பிக் கொடுக்க மாட்டார்களா என்றார்.

நானும் ஜூரியில் உட்கார்ந்து வந்தவன்தான். போனை வாங்குவது சரி என்பது என் கட்சி. ஆனால் வாங்கி வைத்ததோடு வேலை முடிந்தது என்று நீதிமன்றங்கள் நினைத்துக்கொள்கின்றன. அங்கேதான் எனக்கு வழக்கு.

மணி அடிப்பது, மெசேஜ் பார்ப்பது போன்ற சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 2013-ல் ஓர் ஆயுதக் கொள்ளை வழக்கு. வீடியோ சாட்சியத்தைப் போட்டுக் காட்ட அறையில் விளக்கைக் குறைத்திருக்கிறார்கள். ஜூரி வரிசையில் ஒருவர் நெஞ்சில் மட்டும் வெளிச்சம். விசாரணை நடக்கும்போதே மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். நீதிபதி மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அவரை நீதிமன்ற அவமதிப்பு என்று சிறைக்கு அனுப்பினார். அதே ஆண்டு மிச்சிகனில் இன்னொரு கூத்து. போன் ஒலித்தால் அபராதம் என்று எழுதிப் போட்டிருந்த நீதிபதி ரேமண்ட் வோயெட், அரசு வக்கீல் பேசிக்கொண்டிருந்தபோது தன் போனே சத்தம் போட்டுவிட, தனக்குத்தானே 25 டாலர் அபராதம் விதித்துக் கட்டினார். இவை கவனச் சிதறல். பள்ளிக்கூடத்துப் பிரச்சினை. அணைத்து வைத்தால் தீர்ந்தது.

தீராத பிரச்சினை சாயங்காலம் வீட்டுக்குப் போனபின் ஆரம்பிக்கிறது. ஒரு சாட்சி, "தெருவிளக்கு வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்தேன்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜூரர் வீட்டில் உட்கார்ந்து கூகுள் மேப்பில் அந்தத் தெருவைத் திறக்கிறார். அங்கே கம்பமே இல்லை. ஆக சாட்சி பொய் சொல்கிறார். அவர் மனசில் வழக்கு முடிந்துவிட்டது. ஆனால் அந்தப் படம் எடுத்தது சம்பவத்துக்கு முன்னாலா, பின்னாலா? நடுவில் ரோட்டை அகலப்படுத்திக் கம்பத்தைப் பிடுங்கினார்களா? படம் எடுத்த கூகுள் வண்டி போன பக்கத்திலிருந்து மரம் மறைத்ததா? இதே படத்தை நீதிமன்றத்தில் ஒரு தரப்பு காட்டியிருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து இதையெல்லாம் கேட்டிருப்பார். ஜூரரின் சட்டைப்பை வழியாக வந்த சாட்சியை யார் குறுக்கு விசாரணை செய்வது? அப்படி ஒரு சாட்சி வந்துபோனதே யாருக்கும் தெரியாது. குற்றம் சாட்டப்பட்டவர் தன்னை எது கவிழ்த்தது என்று தெரியாமலே உள்ளே போவார்.

இது கற்பனைப் பயம் இல்லை. இங்கிலாந்தில் லூட்டன் நீதிமன்றத்தில் ஜூரியாக இருந்த ஒரு கல்லூரி ஆசிரியை, குற்றம் சாட்டப்பட்டவர் பெயரை இணையத்தில் தேடினார். அவர்மேல் முன்பு சுமத்தப்பட்ட ஒரு குற்றச்சாட்டு கிடைத்தது. அதை மற்ற ஜூரர்களிடம் சொல்லிவிட்டார். விசாரணை கலைந்தது, பாதிக்கப்பட்டவர் மறுபடியும் கூண்டேறி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டி வந்தது. 2012-ல் அந்த ஆசிரியைக்கு ஆறு மாதச் சிறை. 2009-ல் ஃபுளோரிடாவில் எட்டு வாரம் நடந்த ஒரு போதைப்பொருள் வழக்கில், ஒரு ஜூரர் தானாகத் தேடிப் படித்தார் என்று தெரிந்து நீதிபதி விசாரித்தார். இன்னும் எட்டுப் பேர் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். எட்டு வார வேலை குப்பைக்குப் போனது.

இந்தக் கதைகளைப் பகிர்கிறவர்கள் எல்லோரும் "எவ்வளவு பொறுப்பில்லாத ஆட்கள்" என்று எழுதுகிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. பொறுப்பில்லாத ஜூரர் தூங்குவார். தேடுகிறவர் மெனக்கெடுகிறவர். தப்பான முடிவு எடுத்துவிடுவோமோ என்று ராத்திரி தூக்கம் வராதவர். வாழ்க்கையில் வேறு எந்தப் பெரிய முடிவையும் பத்து இடத்தில் படித்துப் பார்க்காமல் எடுக்காதவர். இப்போது தேடிப் படிக்கக்கூட வேண்டாம், ஏஐ-யிடம் கேட்டால் கோர்வையாகப் பதிலே வந்து விழுகிறது. சரியோ தப்போ, நம்பிக்கையாகச் சொல்லும்.

அந்த ஆர்வத்தைப் போன் உண்டாக்கவில்லை. 1994-ல் இங்கிலாந்தில் ஓர் இரட்டைக் கொலை வழக்கு. தீர்ப்புக்கு முந்தைய இரவு ஜூரர்களை ஒரு ஹோட்டலில் தங்க வைத்தார்கள். அவர்களில் சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? காகிதத்தில் எழுத்துகளை எழுதிப் பரப்பி, கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துவைத்து, கொலையான ஆளின் ஆவியிடமே "உன்னைக் கொன்றது யார்" என்று கேட்டிருக்கிறார்கள். ஆவி பதிலும் சொன்னதாம். மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தாகி மறுவிசாரணை நடந்தது. (இரண்டாவது ஜூரியும் குற்றவாளி என்றேதான் சொன்னது, ஆவியின் உதவி இல்லாமல்.) நம் பக்கத்துக் கதை என்றால் 1959-ல் பம்பாயில் நடந்த நானாவதி வழக்கு. மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி அவர். பிளிட்ஸ் பத்திரிகை வாராவாரம் நானாவதிக்கு வரிந்துகட்டிக்கொண்டு எழுதியது. ஜூரி எட்டுக்கு ஒன்று என்று அவர் குற்றவாளி இல்லை என்றது. உயர் நீதிமன்றம் அதைத் தள்ளி ஆயுள் தண்டனை கொடுத்தது, உச்ச நீதிமன்றம் 1961-ல் அதை உறுதிசெய்தது. அன்றைக்கு எந்த ஜூரர் பையிலும் போன் இல்லை.

போன் இல்லாமலும் நடக்கும் என்பதற்குப் புதிய உதாரணமும் உண்டு. 2022-ல் கான்பெராவில் ஆஸ்திரேலியாவே கவனித்த ஒரு வழக்கு. ஜூரி நாள்கணக்கில் விவாதித்துக்கொண்டிருந்தது. ஊழியர் அறையை ஒழுங்குபடுத்தும்போது ஒரு ஜூரரின் கோப்பு தட்டுப்பட்டுக் கீழே விழுந்தது. உள்ளே, பாலியல் புகார்கள் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரை. வெளியிலிருந்து கொண்டுவந்தது. வெளியே எதையும் தேடாதீர்கள் என்று நீதிபதி திரும்பத் திரும்ப எச்சரித்திருந்தார். ஜூரியைக் கலைத்தார்கள். பிறகு மறுவிசாரணையும் நடக்கவில்லை. இதில் போனை வாங்கி வைத்து என்ன பிரயோசனம்?

சமூக ஊடகத்தில் எழுதுவது தனி ரகம். அதற்கு எனக்கு இரக்கமே கிடையாது. 2010-ல் மிச்சிகனில் ஒரு ஜூரர், விசாரணை பாதியில் இருக்கும்போதே, குற்றம் சாட்டப்பட்டவரிடம் குற்றவாளி என்று சொல்லப்போவது ஜாலியாக இருக்கும் என்ற அர்த்தத்தில் முகநூலில் எழுதினார். பிரதிவாதித் தரப்பு இன்னும் சாட்சியே கொண்டுவரவில்லை. நீதிபதி அவரை நீக்கி 250 டாலர் அபராதம் போட்டு, நியாயமான விசாரணைக்கான உரிமை பற்றி ஐந்து பக்கக் கட்டுரை எழுதிவரச் சொன்னார். எனக்குப் பிடித்த தண்டனை. ஆர்க்கன்சாவில் ஒருவர் கொலை வழக்கு நடக்கும்போது ட்விட்டரில் போட்டுக்கொண்டே இருந்தார், நீதிபதி கண்டித்த பிறகும். இன்னொரு ஜூரர் தூங்கிவிட்டார். 2011-ல் மரண தண்டனைத் தீர்ப்பே ரத்தானது. லைக்குக்காக ஒரு உயிர்ப் பிரச்சினையைத் தொடுகிறவனுக்கும், சந்தேகம் தீராமல் தேடுகிறவனுக்கும் ஒரே எச்சரிக்கைப் பலகையை மாட்டி வைப்பதுதான் கோளாறு.

இன்னொரு உறுத்தல். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2014-ல் சொன்ன கருத்துப்படி, ஜூரரின் பொதுவில் இருக்கும் சமூக ஊடகப் பக்கங்களை வக்கீல்கள் பார்க்கலாம். நட்பு அழைப்பு அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். இங்கிலாந்தில் 2011 முதல் நிருபர்கள் தனி அனுமதி கேட்காமலே நீதிமன்றத்தில் இருந்தபடி செய்திகளைப் பதிவிடலாம். ஆக அந்த அறையில் எல்லோரும் எல்லோரையும் பார்க்கலாம், ஜூரர் மட்டும் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது, மேலே சொன்னேன். அந்தக் காரணத்தை அவருக்கு யாராவது சொன்னார்களா? பெரும்பாலும் "தேடாதீர்கள், மீறினால் சிறை" என்பதோடு நிற்கிறது. அந்தத் தெருவிளக்கு மாதிரி ஒரு உதாரணம் சொல்லி ஐந்து நிமிஷம் விளக்கினால் என்ன?

போனை வாங்கும்போது வேறொரு காரியமும் விட்டுப்போகிறது. ஜூரர்களில் கைக்குழந்தைக்காரர்கள் உண்டு, படுத்த படுக்கையான பெற்றோர் உள்ளவர்கள் உண்டு. அவசரம் என்றால் கூப்பிட ஒரு நீதிமன்ற எண், அதை எடுக்க ஓர் ஆள், சேதியைக் கொண்டுவந்து சேர்க்க ஒரு ஊழியர். இதை முதல் நாளே அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டால் பாதிப் பேர் போனைப் பற்றி மறந்தே போவார்கள்.

இப்போது பேனாவுக்கு வருகிறேன். வழக்கு என்ன என்று சொல்லப்போவதில்லை, உள்ளே என்ன பேசினோம் என்றும் சொல்லப்போவதில்லை. நடந்த ஒன்றை மட்டும் சொல்லலாம், அது திறந்த நீதிமன்றத்தில் நடந்தது. சாட்சி சொன்ன மருத்துவர் ஒரு நோயின் பெயரைச் சொன்னார். வக்கீல்கள் இருவரும் அது எல்லோருக்கும் தெரிந்ததுபோல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். எங்கள் வரிசையில் ஒருவர் முகமும் தெளிவாக இல்லை. பக்கத்தில் இருந்த பெண்மணியின் கை தானாகக் கைப்பைக்குப் போய், வெறுமையாகத் திரும்பியது. பிறகு ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார்: "இந்த நோய் இருப்பவருக்குக் கை நடுங்குமா?" சீட்டு ஊழியர் கைக்குப் போய், நீதிபதிக்குப் போய், அவர் இரண்டு வக்கீல்களையும் அழைத்துக் காட்டிவிட்டு, சாட்சியிடம் எல்லோர் முன்னாலும் கேட்டார். மருத்துவர் பதில் சொன்னார். இரு தரப்பும் அதன்மேல் ஆளுக்கு இரண்டு கேள்வி கேட்டார்கள். அந்தப் பதில் எங்கள் பன்னிரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கிடைத்தது, கூண்டில் நின்றவருக்கும் கிடைத்தது.

இப்படிக் கேட்கலாம் என்று எங்களுக்கு முன்கூட்டியே யாரும் அழுத்திச் சொல்லவில்லை. அந்த அம்மா துணிச்சலாகக் கேட்டதால் தெரிந்தது. அரிசோனா 1995-லேயே ஜூரர்கள் எழுத்தில் கேள்வி கேட்பதை விதியாகவே ஆக்கிவிட்டது. மற்ற பல இடங்களில் அது நீதிபதியின் மனநிலையைப் பொறுத்த விஷயமாக இருக்கிறது. வக்கீல்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். வேண்டுமென்றே கேட்காமல் விட்ட கேள்வியை ஜூரி கேட்டுவைத்தால் அவர்கள் போட்ட கணக்கு கெட்டுப்போகும். கெடட்டுமே.

எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியாதுதான். முன் வழக்கு இருக்கிறதா என்று கேட்டால் சட்டம் இடம் கொடுக்காமல் போகலாம். அப்போதும் சீட்டு மேஜை டிராயருக்குள் போய் மறைந்துவிடக் கூடாது. "இதற்குப் பதில் சொல்லச் சட்டத்தில் இடமில்லை, அதனால் பதில் இப்படித்தான் இருக்கும் என்று எந்தப் பக்கமும் ஊகிக்காதீர்கள்" என்று நீதிபதி வாய்திறந்து சொல்ல வேண்டும். அதைக் கேட்ட ஜூரர் அன்றிரவு வீட்டில் போனை எடுக்கவே மாட்டார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எடுப்பவர்கள் குறைவார்கள்.