பிள்ளை தலை சப்பையா இருந்தா அம்மாவை ஏன் திட்டுறீங்க?

பச்சைப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் பேபி சோப்பு செட்டோடு சேர்த்து ஒரு குறையையும் கையோடு எடுத்துப் போவது நம்ம ஏரியா வழக்கம். "இன்னாம்மா, புள்ள தலை ஒரு பக்கம் சப்பையா கீது? திருப்பிப் படுக்கப் போட மாட்டியா?" தண்டையார்பேட்டையில் இருக்கும் என் அண்ணன் மருமகள் இதைக் கேட்டுக் கேட்டு, இப்போதெல்லாம் தொப்பி போடாமல் பிள்ளையை போட்டோவே எடுப்பதில்லை. எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பிறந்த பிள்ளையின் மண்டை ஓடு ஒரே எலும்பு இல்லை. தனித்தனித் துண்டுகள், நடுவில் இடைவெளி. பிரசவத்தில் தலை நெளிந்து வெளியே வரவும், மூளை வளரவும் அப்படி இருந்தாக வேண்டும். ஒரே இடம் அழுந்திக்கொண்டே இருந்தால் அது தட்டையாகும், அவ்வளவுதான். மூளைக்கு ஒன்றும் ஆகாது.

மல்லாக்கப் படுக்க வைப்பதால்தானே இப்படி என்று கேட்டால், பெரும்பாலும் ஆமாம். தூக்கத்திலேயே குழந்தை திடீரென்று இறந்துபோவதைத் தடுக்க 1992-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் குப்புறப் போடாதீர்கள் என்றார்கள். 1994-ல் அது பெரிய பிரசாரமாகவே நடந்தது. அந்தச் சாவுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன, சப்பைத் தலைகள் கூடின. உயிருக்கு முன்னால் மண்டையின் வடிவம் எந்த மூலைக்கு? அதனால் தலை உருண்டையாக வரட்டும் என்று பிள்ளையைக் குப்புறத் தூங்க வைக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் காதில் வாங்காதீர்கள்.

அண்ணன் மருமகள் வீட்டைப் போய்ப் பார்த்தால் விஷயம் தானாகவே புரியும். ஒரே ரூம், பாய் சுவரை ஒட்டி. வலது பக்கம் சுவர். இடது பக்கம் வாசல், வெளிச்சம், அடுப்படியில் நிற்கும் அம்மா, டிவி. எந்தப் பிள்ளைதான் சுவரைப் பார்க்கும்? நாள் முழுக்க இடது பக்கமே திரும்பிக் கிடந்தால் அந்தப் பக்கம்தான் அமுங்கும். தலை வைத்த பக்கம் காலை வைத்துப் போடச் சொன்னேன். இப்போது வாசலைப் பார்க்க வலது பக்கம் திரும்பியாக வேண்டும். விழித்திருக்கும்போது பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் குப்புறப் போடலாம், தோளில் போட்டுக்கொள்ளலாம். பார்க்க வருகிறவர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்து, பிள்ளையைக் கொஞ்ச நேரம் தூக்கி வைத்துக்கொண்டால்கூட உபகாரம்தான்.

குளிப்பாட்டுகிற ஆயா மேல் எனக்கு மரியாதை உண்டு. காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டு வெந்நீர் ஊற்றும் லாவகம் எனக்கு வராது. ஆனால் மண்டையை அழுத்தி உருட்டுவது வேண்டாம். கையால் பிடித்து வடிவம் கொண்டுவர அது களிமண் இல்லை.

அடுத்தது தலையணை. நடுவில் குழி வைத்தது, கடுகு நிரப்பியது என்று ஆன்லைனில் கொட்டிக் கிடக்கிறது. தலையை வடிவாக்கும் தலையணையே வேண்டாம், மூச்சு முட்டும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022-லேயே எச்சரித்தது. இங்கே இன்னும் வளைகாப்புக்கே பரிசாக வருகிறது!

தலை வடிவத்தைச் சரிசெய்ய ஹெல்மெட்டும் இருக்கிறது, நாளுக்கு 23 மணி நேரம் மாட்ட வேண்டும். நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. இரண்டு வயதில் பார்த்தபோது ஹெல்மெட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. மிகவும் கோணலான தலைகளை அதில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மாதிரித் தலைக்கு என்ன செய்வது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டியவையும் உண்டு. கழுத்து ஒரு பக்கம் திரும்பவே மறுத்தால் தசை இறுகியிருக்கலாம், பிசியோதெரபியில் சரியாகும். பிறக்கும்போதே கோணலாக இருந்து நாளாக ஆகக் கூடிக்கொண்டே போனாலோ, மண்டையில் வரப்பு மாதிரி எலும்பு தட்டுப்பட்டாலோ, தலைச் சுற்றளவு ஏறாமல் நின்றாலோ தள்ளிப்போடாதீர்கள். எலும்பு இணைப்பு முன்கூட்டியே மூடிக்கொண்டிருக்கலாம், அதற்கு ஆபரேஷன்கூடத் தேவைப்படும். நமக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. மற்றபடி தடுப்பூசிக்குப் போகும்போது தொப்பியைக் கழற்றி, தலையை மேலிருந்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.