அரசமைப்பில் எந்த வரியில் இருக்கிறது, காட்டுங்கள்

நேற்று ஒரு அண்ணன் பேசிய காணொளியைப் பார்த்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று புரியும். அமெரிக்க அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுப்பவர்கள் ஒவ்வொரு மாநிலமும் நியமிக்கும் தேர்வாளர்கள்தான். அவர்களை நெப்ராஸ்கா மாநிலம் மொத்தமாக ஒருவருக்கே கொடுக்காமல் மாவட்டவாரியாக, அதாவது நாடாளுமன்றத் தொகுதிவாரியாகப் பிரித்துக் கொடுப்பது அரசமைப்புக்கே விரோதமாம். அண்ணன் மேசையைத் தட்டிச் சொல்கிறார். கீழே ஒரே கைதட்டல்.

அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் பிரிவு சொல்வது இதுதான்: ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டமன்றம் வகுக்கும் முறைப்படி தேர்வாளர்களை நியமிக்கும். ஜெயித்தவருக்கே மொத்தமும் என்று எங்கும் இல்லை. 1892-இல் மிச்சிகன் மாவட்டவாரியாகப் பிரித்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தென் கரோலினாவில் 1860 வரை மக்கள் ஓட்டே கிடையாது, சட்டமன்றமே தேர்வாளர்களைப் பொறுக்கியது. அதுவும் அரசமைப்புப்படிதான் அண்ணே!

நான் நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில் குடியிருப்பவன். 2024-இல் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வெள்ளை அட்டையில் நீலப் புள்ளி, ஒரு எழுத்துகூட இருக்காது. பக்கத்து வீட்டுப் பெரியவர் புல் வெட்டும்போது அதைப் பிடுங்கி ஓரமாக வைப்பார், முடிந்ததும் அதே குழியில் ஊன்றி மிதித்துவிட்டுப் போவார். மாநிலமே சிவப்பு, அதாவது குடியரசுக் கட்சி; எங்கள் இரண்டாம் மாவட்டத்தின் ஒரே ஒரு தேர்வாளர்தான் நீலம், ஜனநாயகக் கட்சி. ஜெயித்தவருக்கே மொத்தமும் என்று மாற்றி அந்த ஒன்றையும் பறிக்க அந்த செப்டம்பரில் வாஷிங்டனிலிருந்து ஆள் வந்தது. குடியரசுக் கட்சிக்குத் தாவியிருந்த மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் மைக் மெக்டொனெலே மாட்டேன் என்றார். 2025-இல் மறுபடி முயன்றார்கள், சட்டமன்றத்தில் 33 ஓட்டு வேண்டிய இடத்தில் 31தான் தேறியது.

"நீ ஜனநாயகக் கட்சிக்காரன், அதான் குதிக்கிறாய்" என்பார்கள். சரி, மெய்ன் மாநிலம்? அங்கேயும் இதே முறைதான், 1972 முதல். 2016, 2020, 2024 மூன்றிலும் டிரம்புக்கு அங்கே ஒரு தேர்வாளர் கிடைத்தாரே, அப்போது அரசமைப்பு தூங்கிக்கொண்டிருந்ததா? "உங்கள் நீலக் கலிஃபோர்னியா பிரிக்குமா?" பிரிக்கட்டுமே, நானா தடுத்தேன்? போய் அவர்கள் சட்டமன்றத்தைக் கேளுங்கள்.

முறையை மாற்றும் உரிமையும் சட்டமன்றத்துக்கு உண்டு, மறுக்கவில்லை. எனக்கு வலிப்பதும் அதுதான். தேர்வாளருக்கு ஓட்டுப் போடும் உரிமை குடிமகனுக்கு அரசமைப்பில் இல்லை, சட்டமன்றம் கொடுத்தால்தான் உண்டு என்று 2000-இல் அதிபர் தேர்தல் தகராறான புஷ், கோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் எழுதியே வைத்துவிட்டது. நான் வரிசையில் நின்று போடும் ஓட்டு மாநிலத் தலைநகர் லிங்கனில் உட்கார்ந்திருக்கும் 49 சட்டமன்ற உறுப்பினர்களின் தயவு. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை அண்ணன். பேசியதெல்லாம் "நேற்று குடியுரிமை வாங்கியவனெல்லாம்" என்ற நக்கல்தான்.

ஆமாம், வாங்கியவன்தான். வாங்குவதற்கு முன்னால் அரசமைப்பைப் படித்தேன். அண்ணன் எப்போது படிக்கப் போகிறார்?