நல்ல காரை உறை போட்டு மூடி வைக்காதீர்கள்

கிராண்ட் டூரர் (ஜி.டி.), அதாவது நீண்ட பயணத்துக்கென்றே செய்த வகைக் கார் ஒன்றை வாங்கிவிட்டு, மழை பெய்தால் எடுக்கமாட்டேன், தோட்டத்து ரோட்டில் இறக்கமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓட்டுவேன் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. கண்டியில் ஒருவர், பண்டாரவளையில் ஒருவர் என்று தெரிந்தவர்களிலேயே சிலர் அப்படி இருக்கிறார்கள். கராஜுக்குள் உறை போட்டு, மேலே ஒரு பழைய பெட்ஷீட்டும் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது பி.எம்.டபிள்யூ 630i, இரண்டு கதவுள்ள கூபே. 2019இல், வாகன இறக்குமதித் தடை வருவதற்கு முன்னால், இங்கேயே ஒருவர் பாவித்ததை வாங்கினேன். வீடு தலவாக்கலையில், கடை நுவரெலியாவில். விதை, உரம், மருந்து வியாபாரம். காலையில் லிந்துலை, நானுஓயா வழியாக ஏறிப்போய், இருட்டுகிற நேரத்தில் அதே ரோட்டில் இறங்கி வருவேன். வீட்டில் வேறு கார் கிடையாது. கடைக்கும், சந்தைக்கும், கல்யாணத்துக்கும், அம்மாவை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போவதற்கும் இதுதான்.

இந்த வகைக் கார் எதற்காகப் பிறந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1951இல் லான்சியா ஒரேலியா பி20 ஜி.டி., அடுத்த வருஷம் பென்ட்லி ஆர்-டைப் கொண்டினென்டல். ஐரோப்பாவில் ஒரு நகரத்தில் காலையில் புறப்பட்டு, ஆல்ப்ஸ் கணவாய்களை ஏறி இறங்கி, பெட்டி படுக்கையோடு இன்னொரு நாட்டுக்கு அலுப்பில்லாமல் போய்ச் சேரத்தான் இவற்றைச் செய்தார்கள். ரேஸ் காருக்கு ஒரு சுற்றில் எத்தனை செக்கன் என்பது முக்கியம். ஜி.டி.க்கு, பல மணிநேரம் ஓட்டிய பிறகும் ஓட்டுகிறவருடைய முதுகு எப்படி இருக்கிறது என்பதே முக்கியம். மழை, பனிமூட்டம், ஏற்றம், இறக்கம், வளைவு எல்லாம் அதன் கணக்கில் ஆரம்பத்திலிருந்தே இருக்கின்றன. அப்படியென்றால் இலங்கையில் இந்தக் காருக்குப் பொருத்தமான இடம் கொழும்பா, நம்ம மலையா? காலி வீதி நெரிசலில் பெரிய எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுக்கொண்டு நிற்பதைவிட, றம்பொடை வளைவுகளில் மூன்றாம் கியரில் ஏறுவதுதான் அதற்கு மரியாதை.

எஞ்சின் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிற டர்போ இல்லாத எஞ்சின் என்றால் வலுவும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குறையும். என் காரின் 3 லீற்றர் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்குப் புத்தகத்தில் 258 குதிரைவலு. நகரத்துக்குள் நுழையும்போது அதில் 50 குதிரையாவது கீழே தலவாக்கலையிலும் அதற்குக் கீழேயும் நின்றுவிட்டிருக்கும். ஆனாலும் குறை தெரிவதில்லை, ஏனென்றால் இந்த ரோட்டுக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை. டவுனுக்குள் 50, வெளியே 70, அதுதான் சட்டம். வளைவுகளில் 30ஐத் தாண்ட இடமே கிடையாது. பெரிய எஞ்சினின் சுகம் வேறு இடத்தில் இருக்கிறது. நானுஓயா ஏற்றத்தில் தேயிலைக் கொழுந்து லொறிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போய், நேரான துண்டு ஒன்று கிடைத்தவுடன், கத்தாமல் திணறாமல் ஒரே மூச்சில் தாண்டிவிடலாம். சின்ன எஞ்சின் காரில் அதே இடத்தில் மிதித்துவிட்டு எதிரே என்ன வருமோ என்று காத்திருக்க வேண்டியிருந்தது. இது எனக்குப் பாதுகாப்பு விஷயம்.

சரி, மூடி வைக்கிற கதைக்கு வருவோம். 2022 எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பெற்றோல் தட்டுப்பாடு, செட்டில் வரிசை, அப்புறம் கியூஆர் பங்கீடு, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். இந்த மலையில் என் கார் லீற்றருக்கு ஏழு கிலோமீற்றர் போனாலே நல்லது. ஆகவே பஸ்ஸில் கடைக்குப் போனேன், கார் வீட்டில் நின்றது. நின்ற அந்தக் காலம் அதற்குச் செய்த கெடுதி, ஓடிய எந்த வருஷமும் செய்யவில்லை. பெட்டரி செத்தது. பிரேக் டிஸ்க் நான்கிலும் செம்மண் பூசியது போல் துரு. டயர்கள் தரையில் அழுந்திய இடத்தில் தட்டையாகி, பிறகு ஓட்டும்போது கொஞ்ச நாள் ஸ்டியரிங் நடுங்கியது. தோல் சீட்டில் பூஞ்சணம். கதவு ரப்பர் காய்ந்து ஒரு பக்கம் தண்ணீர் கசிந்தது. நம்ம ஊர் ஈரம் அப்படி. தென்மேற்குப் பருவம் தொடங்கினால் வட்டவளைப் பக்கம் துணி காயாது, கராஜுக்குள் இருக்கிற கார் மட்டும் எப்படிக் காயும்? ஓடுகிற கார் தன் சூட்டிலேயே தன் ஈரத்தைக் காயவைத்துக்கொள்கிறது. எஞ்சின் ஒயிலில் சேர்கிற தண்ணீரும் நன்றாகச் சூடேறி ஓடினால்தான் ஆவியாகிப் போகும்.

ஹட்டனில் எனக்குக் கார் பார்க்கிற அண்ணன் அன்றைக்குச் சொன்னது இதுதான்: "தம்பி, இத ஓட்டுனா ஒரு செலவு, நிப்பாட்டி வச்சா ரெண்டு செலவு." அவர் அலங்காரமாகப் பேசுகிறவர் கிடையாது. பில்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

தினமும் ஓட்டுவதென்றால் மலை சில விஷயங்களைக் கட்டாயமாகக் கேட்கும். முதலாவது பிரேக். ஓட்டோ கியர் கார் என்பதற்காக டி-யில் போட்டுவிட்டு, இறக்கம் முழுவதும் பிரேக்கிலேயே கால் வைத்து வருகிறவர்களைப் பார்க்கும்போது பயமாக இருக்கிறது. இந்தக் கார்கள் இலேசானவை இல்லை, ஒன்றரைத் தொன்னுக்கு மேல். நானுஓயாவிலிருந்து இறங்கும்போது நான் மனுவல் பக்கம் தள்ளி, மூன்றிலோ இரண்டிலோ வைத்து, எஞ்சினே காரைப் பிடித்து வேகத்தைக் குறைக்கவிடுவேன். எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்கு என்று பழைய லொறிச் சாரதிகள் சொல்வார்கள். அது ஜெர்மன் கூபேக்கும் பொருந்தும். பிரேக் ஒயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்த ஒயில் சூட்டில் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். கினிகத்தேனை இறக்கத்தில் அந்த அனுபவம் யாருக்கும் வரக்கூடாது.

அடுத்தது டயர். என்னுடையது ரன்-பிளாட், அதாவது காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய டயரோடு வந்தது. அதன் பக்கச் சுவர் தடிப்பு, நம்ம ரோட்டுக் குழியில் இறங்கினால் அடி நேராக இடுப்புக்கு வரும். சாதாரண டயருக்கு மாற்றியதும் கார் வேறு காராகிவிட்டது. ஆனால் ஸ்பெயார் வீல் வைக்க அதில் இடம் இல்லை. ஆகவே காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் அடைக்கிற சாமானும் எப்போதும் டிக்கியில் இருக்கும். டயர் தேய்வதில் கஞ்சத்தனம் காட்டவே மாட்டேன். மழையில் தேயிலைச் சரிவிலிருந்து சேறு ரோட்டுக்கு இறங்கி வருகிற ஊர் இது.

உயரம் குறைவு என்பதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. உண்மைதான், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பக்கம் போகிற சில கொங்கிரீட் பாதைகளில் தண்ணீர் ஓடுவதற்காக வெட்டிய பள்ளங்களைச் சாய்வாகத்தான் தாண்ட வேண்டும். சில இடங்களுக்குப் போகவே முடியாது. காரை மெயின் ரோட்டில் விட்டு நடந்து போவேன். அம்மாவுக்குப் பின் சீட்டில் ஏறுவது நடக்காத காரியம், எப்போதும் முன் சீட்டுத்தான். கதவு நீளம் என்பதால் நுவரெலியா டவுனில் பார்க் பண்ண இடம் தேடியே ஆக வேண்டும். டிக்கி மட்டும் நினைத்ததைவிடப் பெரியது. 450 லீற்றர். லீக்ஸ், கரட் மூட்டைகள் அதில் வசதியாகப் போகும், கீழே ஒரு தறப்பாள் விரித்தால் போதும்.

பனிமூட்டத்தில் இந்தக் காரின் முன்விளக்குகள் ஸ்டியரிங்கோடு சேர்ந்து வளைவுக்குள் திரும்பும். சாயந்தரம் லிந்துலைப் பக்கம் ரோடு மறைகிறபோது அந்த ஒரு வசதிக்காகவே அதைச் செய்தவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றும். ஆனால் கார் தாழ்வு என்பதால் எதிரே வருகிற பஸ்காரருக்கு நாம் தெரிவது குறைவு. பகலிலும் லைட்டைப் போடுங்கள். மறைந்த வளைவுக்கு முன்னால் ஹோர்ன் அடியுங்கள். ஏறி வருகிற வண்டிக்கு நின்று வழி கொடுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். ஏப்ரல் சீசனில் மஹகஸ்தொட்டையில் 1934இலிருந்து கார்ப் பந்தயம் நடந்து வருகிறது. ரதெல்லையிலும் மலையேற்றப் பந்தயம் உண்டு. எனக்கு அவை பிடிக்கும். ரோட்டை மூடி, ஆம்புலன்ஸ் நிறுத்தி, ஹெல்மெட் போட்டு ஓடுகிறார்கள். வேகம் வேண்டுமென்றால் அங்கே போய்ப் பெயர் கொடுங்கள். பந்தயம் முடிந்த கையோடு அந்த உற்சாகத்தில் பொது ரோட்டில் பறக்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியாது. 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்லைக் குறுக்கு வீதியில் பஸ் மோதி ஏழு பேர் போனார்கள். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டியெல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். இந்த ரோட்டில் ஒரு ஓரம் பாறை, மறு ஓரம் பள்ளம். நடுவில் பாடசாலைப் பிள்ளைகளும் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பெண்களும் நடக்கிறார்கள். நடைபாதை என்று ஒன்று அவர்களுக்கு யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. விலை உயர்ந்த காரில் வருகிறவன்தான் அங்கே முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இனி, என்னிடம் நேரடியாகவும் முதுகுக்குப் பின்னாலும் கேட்கப்படுகிற கேள்வி. தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டுமென்று எத்தனை வருஷம் போராடிய சனம், 2021இல்தான் அது கிடைத்தது. அந்தச் சனத்துக்கு நடுவில் இப்படி ஒரு காரில் போக உனக்கு எப்படி மனசு வருகிறது?

கேட்க வேண்டிய கேள்விதான். நான் லயத்தில் பிறந்தவன். அம்மா கொழுந்து பறித்தவர். எங்கள் சின்ன வயதில் நல்ல கார் என்றால் அது துரையுடையது, பங்களா கேற்றுக்குள் போகிறது, நாங்கள் ஓரத்தில் ஒதுங்கி நிற்க வேண்டியது. அந்தப் படம் நம்ம மண்டைக்குள் இன்னும் இருக்கிறது. அதனால்தான் கொழும்பிலிருந்து வருகிறவர் இதே காரில் வந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை, தோட்டத்துப் பிள்ளை ஓட்டினால் மட்டும் கேள்வி வருகிறது. 200 வருஷத்துக்கு முன்னால் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியாக நடந்து வந்த சனத்தின் பிள்ளைகள் நாம். இந்த மலையின் ரோடுகளிலும் தோட்டங்களிலும் நம்ம உழைப்பு இருக்கிறது. அந்த ரோட்டில் நமக்குப் பிடித்த காரில் போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆனால் அதோடு சேர்த்து எனக்கு நானே வைத்திருக்கிற கட்டுப்பாடுகளும் உண்டு. கடையில் வேலை செய்கிற பிள்ளைகளின் சம்பளம், ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் காருக்குச் செலவு. கார் லீசிங்கில் இல்லை, கடனுக்கு வாங்கவும் மாட்டேன். மழையில் ரோட்டோரம் நடக்கிறவர்கள் மேல் தண்ணீர் தெறிக்காமல் போக வேண்டும். தெரிந்தவர்கள் நின்றால் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஈரச் சேலையோடும் மண் செருப்போடும் ஏறினால் தோல் சீட் கெடும் என்று யாராவது சொன்னால், துடைத்தால் போய்விடும் என்பேன். பூஞ்சணம்தான் சீட்டைக் கெடுக்கும்.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலர் இன்பொக்ஸில் கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் வந்த தடை, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. வரிகளைப் பார்த்தால் புதிய ஜி.டி. என்பது நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத தூரம். ஆகவே பழையதுதான் வழி. என் காரைப் போன்றதை வாங்குகிறவர்கள், தண்ணீர் பம்ப் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். அது மின்சாரத்தில் ஓடுகிற பம்ப், சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும். நீண்ட ஏற்றத்தில் நின்றால் எஞ்சின் கொதித்துவிடும். எஞ்சினின் மேல்மூடியான வால்வ் கவரில் ஒயில் கசிவு இருக்கிறதா பாருங்கள். எஞ்சின் பிளொக் மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்தது. அதன் அலுமினிய போல்ட்டுகளைக் கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். இது தெரியாத கராஜில் கொடுக்காதீர்கள். சாமான் வர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை பஸ்ஸில் போகத் தயாராக இருப்பவர்கள் மட்டும் வாங்குங்கள்.

ஏற்கெனவே வாங்கி மூடி வைத்திருப்பவர்கள், இந்தக் கிழமையே உறையை எடுங்கள். பெட்டரியைச் சார்ஜ் பண்ணி, டயர் காற்றைப் பார்த்து, பிரேக் ஒயிலை மாற்றி, முதல் நாள் பக்கத்து டவுன் வரைக்கும் மெதுவாகப் போய்ப் பாருங்கள். எலி வயரைக் கடித்திருக்கலாம், பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் கராஜ் தேடுகிறவர்கள் கீழே கேளுங்கள், எனக்குத் தெரிந்த இடங்களைச் சொல்கிறேன்.