கொல்லைப்புற வழி

(அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம், ஸ்ட்ராட்டன் மலை. இரவு முழுக்கப் பனி கொட்டியிருக்கிறது. நாற்காலி லிஃப்டில் இரண்டு பேர். ஃப்ராங்க், 58 வயது, பிளம்பர். ஜோ, ஒரு வயது சின்னவர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர். பனியால் பள்ளிக்கூடம் லீவு, அதனால் ஜோவுக்கும் லீவு. இருவரின் இடது காலிலும் ஸ்னோபோர்டு, அதாவது பனியில் சறுக்குகிற பலகை, தொங்குகிறது. வலது கால் சும்மா ஆடுகிறது.)

ஜோ: என்ன ஃப்ராங்க், காலில் ஏதோ புதுசாக மின்னுகிறது?

ஃப்ராங்க்: அட, பார்த்துவிட்டாயா!

ஜோ: பார்க்காமல் இருக்க விட்டாயா? கார் நிறுத்திய இடத்திலிருந்து இதுவரை பத்து தடவை காலை என் முன்னால் நீட்டிவிட்டாய்.

ஃப்ராங்க்: பின்பக்கமாகக் கால் நுழைக்கிற பைண்டிங். காலைப் பலகையோடு பிடித்து வைக்கிறதே, அந்தப் பிடிதான். கணுக்காலுக்குப் பின்னால் நிற்கிறதே இந்த முதுகுத் தகடு, இது அப்படியே பின்னால் சாயும். காலை உள்ளே விடு. தகட்டைத் தூக்கு. லீவரை அழுத்து. டக்! அவ்வளவுதான். உட்கார்ந்து, குனிந்து, இரண்டு ஸ்ட்ராப்பையும் கர்ர் கர்ர் என்று இறுக்குகிற வேலையெல்லாம் இல்லை.

ஜோ: கொல்லைப்புற வழியாக வருகிறாய் என்று சொல்.

ஃப்ராங்க்: எந்த வழியாக வந்தால் என்ன, நாற்காலி கிடைத்ததா இல்லையா?

ஜோ: 90-களிலும் இப்படித்தான் ஒன்று வாங்கினாய். பூட்ஸின் அடியில் இரும்புக் கொக்கி. மிதித்தால் மாட்டிக்கொள்ளும் என்றாய். அடியில் பனி உறைந்துபோய், மலை உச்சியில் அரை மணி நேரம் குதித்துக்கொண்டே இருந்தாய். பக்கத்தில் ஒரு குழந்தை கைதட்டியது.

ஃப்ராங்க்: அது வேறு ஜாதி, அதற்கென்று தனி பூட்ஸ் வேண்டும். பர்ட்டன் கம்பெனிக்காரர்கள் 2017-ல் கொண்டுவந்த ஸ்டெப் ஆன் என்ற பைண்டிங் கூட அப்படித்தான். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. இருக்கிற பூட்ஸே போதும். 90-களிலேயே ஃப்ளோ என்ற கம்பெனி இந்த மாதிரி விற்றது. பிறகு சுவிட்சர்லாந்தின் நைடெக்கர் கம்பெனி அதை வாங்கியது. இப்போது அவர்களிடம் சூப்பர்மேட்டிக் என்று ஒன்று இருக்கிறது, குதிகாலால் மிதித்தாலே தகடு தானாக எழுந்து நிற்குமாம்.

ஜோ: உன்னுடையதும் தானாக எழுந்து நிற்குமா?

ஃப்ராங்க்: நான்தான் தூக்க வேண்டும். அது கொஞ்சம் விலை கூட.

ஜோ: சரி, உண்மையைச் சொல். இடுப்பு வலிதானே காரணம்?

ஃப்ராங்க்: இடுப்புக்கு என்ன? இரும்பு மாதிரி இருக்கிறது.

ஜோ: துருப்பிடித்த இரும்பு. காரிலிருந்து நீ இறங்கியதை நான் பார்த்தேன்.

ஃப்ராங்க்: ஏனப்பா, 1983-ல் இந்த மலையில் ஸ்னோபோர்டுக்காரர்களை முதல்முதலாக உள்ளே விட்டபோது வரிசையில் நின்றவன் நான். மற்ற மலைகளில் நம்மைக் கண்டாலே துரத்துவார்கள்.

ஜோ: இதே வெர்மான்ட்டில் மேட் ரிவர் க்ளென் மலையில் ஸ்னோபோர்டை இன்னும் விடுவதில்லையே. அங்கே உனக்கு முன்வாசலும் கிடையாது, கொல்லையும் கிடையாது. அது போகட்டும், பழைய ஸ்ட்ராப் பைண்டிங்கை என்ன செய்தாய்?

ஃப்ராங்க்: விற்றுவிட்டேன். 20 டாலர். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

(மலை உச்சி. இறங்குகிறார்கள். இறங்கும் இடத்தில் இயந்திரம் ஓட்டிப் பனியைச் சமமாக்கி வைத்திருக்கிறார்கள். ஜோ வலது காலை மாட்டப் பொத்தென்று உட்காருகிறார். ஃப்ராங்க் நின்றபடியே குதிகால் பக்கம் கையைக் கொண்டுபோகிறார். டக்.)

ஃப்ராங்க்: கேட்டதா?

ஜோ: கேட்டது, கேட்டது.

ஃப்ராங்க்: நீ மெதுவாகச் செய். எனக்கு அவசரமில்லை. காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆகா, என்ன அழகான மலை! நீ உட்கார்ந்திருப்பதால் உனக்குத் தெரியாது.

ஜோ: எனக்குத் தெரிவதெல்லாம் கால்சட்டைக்குள் போன பனிதான்.

ஃப்ராங்க்: ஒரு நாளைக்கு 15 தடவை ஏறி இறங்குகிறாய். 15 தடவை உட்காருகிறாய். 15 தடவை எழுந்திருக்கிறாய். நம் வயதில் எழுந்திருப்பதுதான் செலவு. அப்புறம் இன்னொன்று. உனக்குக் கணுக்கால் மேலே ஒரு ஸ்ட்ராப், விரல் மேலே ஒரு ஸ்ட்ராப். கடைவாயில் கடித்த மாதிரி இரண்டு இடத்தில் பிடிக்கும். இது மேல்பாதம் முழுக்கப் பரவி, சால்வை போர்த்திய மாதிரி...

ஜோ: சால்வையா! மேடை எங்கே? வா, போகலாம்.

(பாதி மலை இறங்கியதும் ஒரு சமதளம். பனி முழங்காலைத் தொடுகிறது. ஃப்ராங்க் வேகம் போதாமல் நடுவில் நின்றுவிடுகிறார். வலது காலைக் கழற்றி, உந்தி உந்தி வந்து, சரிவின் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் கீழே உட்காருகிறார். ஜோ தப்பித்து வந்து அங்கே காத்திருக்கிறார்.)

ஜோ: வா, வா. இங்கே எல்லாம் நல்ல செங்குத்து. காலை மாட்டு, ஒரே இறக்கம்.

ஃப்ராங்க்: இதோ. ஒரு நொடி.

(ஒரு நொடி போகிறது. பல நொடிகள் போகின்றன.)

ஜோ: டக் சத்தம் வரவில்லையே?

ஃப்ராங்க்: தகடு சாய மாட்டேன் என்கிறது.

ஜோ: ஏன் சாயாது?

ஃப்ராங்க்: எப்படிச் சாயும்? பள்ளத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். குதிகாலுக்குப் பின்னால் மலை இருக்கிறது.

ஜோ: மலையைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லேன்.

ஃப்ராங்க்: இரு, திரும்பிக்கொள்கிறேன்.

(புரண்டு, மலைச்சரிவைப் பார்த்து முழங்காலிடுகிறார். கையைப் பின்னால் விட்டு லீவரைத் தேடுகிறார்.)

ஜோ: யாரைக் கும்பிடுகிறாய்?

ஃப்ராங்க்: இந்தப் பைண்டிங்கை விற்ற கடைக்காரனை. சாய்ந்துவிட்டது! சாய்ந்துவிட்டது! காலை விடுகிறேன்... உள்ளே போகிறது... குதிகால் உட்கார மாட்டேன் என்கிறது.

ஜோ: உள்ளே பனி. காலை எடு, நான் பார்க்கிறேன்.

(ஜோ குனிந்து பார்க்கிறார். பாதம் வைக்கிற இடத்தில் பனி அமுங்கி அமுங்கி, சோப்புக் கட்டி கனத்தில் வழுவழுப்பான ஐஸாகிவிட்டது. குதிகால் வளைவின் மூலையில், விரல் நுழையாத இடத்தில், இன்னும் கெட்டி. ஃப்ராங்க் கையுறையைக் கழற்றி, கார் சாவியால் சுரண்டுகிறார். ஐஸ் பொரிப்பொரியாகத் தெறிக்கிறது. சாவி வளைகிற மாதிரி தெரிந்ததும் நிறுத்துகிறார்.)

ஜோ: ஸ்ட்ராப்பாக இருந்தால் மேலே திறந்துதானே கிடக்கும். கையால் ஒரு தட்டு, பனி போய்விடும். இது குகை.

ஃப்ராங்க்: வெர்மான்ட்டில் முழங்கால் ஆழப் பனியை நீ எத்தனை தடவை பார்த்திருக்கிறாய்? இங்கே எப்போதும் ஐஸ்தான். தட்டையான ஐஸ். என் பைண்டிங் 10 நாளில் 9 நாள் ராஜா.

ஜோ: இன்று அந்தப் பத்தாவது நாள். ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டாய்.

ஃப்ராங்க்: பழமொழி சொல்லாதே. சாவியைப் பிடி. இப்போது பார்... லீவர் பாதியில் நிற்கிறது.

ஜோ: அது ஏன்?

ஃப்ராங்க்: காலையில் மேல்பாதத்தை மூடுகிற ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் அதிகமாக இறுக்கிவிட்டேன். இறுக்கினால் லீவர் பூட்டாது. தளர்த்தினால் குதிகால் தூக்கிக்கொள்கிறது. ஸ்ட்ராப்பின் பற்களில் நடுவில் ஒரு பல் இருக்கிறது. ஒரே ஒரு பல். அதைக் கண்டுபிடிக்க நேற்று ராத்திரி கூடத்தில் கம்பளத்தின் மேல் இரண்டு மணி நேரம் நின்றேன்.

ஜோ: உன் மனைவி என்ன சொன்னாள்?

ஃப்ராங்க்: ஒன்றும் சொல்லவில்லை. டிவியை மறைக்காமல் நில் என்றாள்.

(ஒரு பல் தளர்த்துகிறார். பல்லைக் கடிக்கிறார். டக்.)

ஃப்ராங்க்: ஹா! ஒரு தடவை சரியாக அமைத்துவிட்டால் அப்புறம் தொடவே வேண்டாம் தெரியுமா?

ஜோ: ஆறு நிமிடம். கடிகாரம் பார்த்தேன். கனமும் கூடத்தான் இருக்கும்போல, முழங்காலிட்டபோது பலகை உன்னை இழுத்தது. அதில் ஓடுகிறதே கம்பி வடம், அது அறுந்தால் என்ன செய்வாய்? என்னுடையது உடைந்தால் எந்தக் கடையிலும் ஸ்ட்ராப் கிடைக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். ஐந்து நிமிட வேலை. வா, நான் முன்னால் போகிறேன், விரல் ஸ்ட்ராப்பை மட்டும் ஒரு பல் இறுக்கி...

(பட்.)

ஃப்ராங்க்: என்ன சத்தம் அது? டக் இல்லையே. பட் என்று கேட்டது.

ஜோ: ஒன்றுமில்லை.

ஃப்ராங்க்: கையில் என்ன, ஸ்ட்ராப்பா?

ஜோ: ஸ்ட்ராப்தான். குளிரில் பிளாஸ்டிக் நொறுங்கிவிட்டது. எந்தக் கடையிலும் கிடைக்கும்.

ஃப்ராங்க்: இந்தச் சரிவில் எந்தக் கடை? அந்த மரத்துக்குப் பின்னால் இருக்கிறதே, அதுவா?

(பெருமூச்சு விட்டு, ஜாக்கெட்டின் உள்பையைத் திறக்கிறார். ஒரு ஸ்க்ரூ டிரைவர் வருகிறது. கூடவே ஒரு விரல் ஸ்ட்ராப்பும் வருகிறது. ஓரம் தேய்ந்தது. நீல நிறம். ஜோ அதையே பார்க்கிறார்.)

ஜோ: இது உன் பழைய பைண்டிங்கின் ஸ்ட்ராப் இல்லையா?

ஃப்ராங்க்: காலை நீட்டு.

ஜோ: விற்றுவிட்டேன் என்றாயே? 20 டாலர் என்றாயே?

ஃப்ராங்க்: ஆடாதே, திருகு பனியில் விழுந்தால் ஏப்ரலில்தான் கிடைக்கும்.

ஜோ: யாருக்கு விற்றாய்?

ஃப்ராங்க்: கார் டிக்கிக்கு.